ஆறு மணி நேரக் கோடை

கெமி நகர அங்காடியில்
உறைந்த பட்டாணிப் பொட்டலம் அடுக்கும் வேலை எனக்கு.
பதினோரு வருடம்.
பன்னிரண்டாம் வருடம் என் விரல்கள்
பட்டாணியின் பக்கம் சேர்ந்துகொண்டன.

முதலில் வெள்ளை,
ஏற்றப்படாத மெழுகுவத்தி மாதிரி.
பிறகு நீலம்.
பிறகு, மனமிரங்கி ரத்தம் திரும்பும்போது,
அடி வாங்கிய சிவப்பு.
"வெள்ளையும் நீலமும் சரி, நம் நாட்டுக் கொடி.
அந்தச் சிவப்பு எதற்கு?" என்றான் தௌனோ.
அப்போது சிரிக்க முடிந்தது.

அதன் பின் தோல் சுருங்கியது,
வெந்நீரில் துவைத்த கம்பளிச் சட்டையாய்.
மோதிரத்தை அறுத்தெடுத்தார்கள்.
அறுத்த மோதிரம்
சமையலறை ஜன்னலோரம் கிடக்கிறது,
ரசீதுகளின் மேல் பாரமாக.

முதல் மாத்திரை
விரலைத் திறக்கச் சொன்னால்
கணுக்காலைத் திறந்தது.
மாலையானால் காலணி கழற்ற ஆள் வேண்டும்.
தலை மட்டும்
சவுனாவை விட்டு வெளியே வர மறுத்தது.

இரண்டாவது,
ஊருக்கே தெரிந்த நீல மாத்திரை.
மருந்துக்கடை ஈலிஸ் குரலைத் தாழ்த்தினான்:
"வீட்டுக்காரருக்கா?"
"எனக்கு. விரலுக்கு."
வரிசையில் என் பின்னால் நின்றவள்
தேவாலயப் பாடற்குழு ஹெல்வி.
விரல் என்ற சொல் அவள் காதில் விழவில்லை.
ஞாயிற்றுக்கிழமை, பனியில் துளையிட்டு மீன் பிடிக்கும் இடத்தில்
மூன்று பேர் தௌனோவின் தோளைத் தட்டினார்களாம்.
அவன் எதையும் மறுக்கவில்லை.

ஆனாலும் ஆள்காட்டி விரல் நுனியில்
ஒரு புண்.
மிளகளவு.
அந்த மிளகு இரவு முழுக்க விழித்திருந்தது,
என்னையும் எழுப்பி வைத்துக்கொண்டு.

ஜனவரியில் ஔலு மருத்துவமனை.
ஐந்து நாள், நாளுக்கு ஆறு மணி நேரம்,
கண்ணாடி போன்ற ஒரு திரவம்
சொட்டுச் சொட்டாக.
செவிலி ஆய்லி அரை மணிக்கொரு முறை
வேகத்தைக் கூட்டினாள்.
தாடை வலித்தது. குமட்டியது.
முகம் தக்காளியானது.
"போதும்" என்றேன்.
ஒரு படி இறக்கினாள்.
"இதுதான் உங்கள் அளவு" என்று எழுதிக்கொண்டாள்,
தையற்காரி இடுப்பளவு எழுதுவது போல.

பக்கத்து நாற்காலியில் கியோஸ்தி.
கருங்கல் குவாரியில் முப்பத்தெட்டு வருடம்;
அந்தத் தூசிதான் காரணமென்று அவருக்குச் சந்தேகம்,
மருத்துவருக்கும்.
வலது கையில் நாலு விரல்தான்.
ஐந்தாவதைப் பற்றி நான் கேட்கவில்லை,
அவரும் சொல்லவில்லை.
மூன்றாம் நாள்தான் சொன்னார், குழாயைப் பார்த்தபடி:
"அந்தக் காலத்தில் அப்பா
கல்லில் துளை போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டுத் தூங்கப் போவார்.
விடிவதற்குள் உறைபனி பிளந்து வைத்திருக்கும்.
இவர்கள் அதையே தலைகீழாகச் செய்கிறார்கள்.
உறைந்ததில் துளை போட்டு
ஜூலையை ஊற்றுகிறார்கள்."

ஜன்னலுக்கு வெளியே மைனஸ் இருபத்தாறு.
சூரியன் இரண்டு மணிக்கே
கடையைக் கட்டிக்கொண்டிருந்தது.

மருத்துவர் கணக்குச் சொன்னார்:
இந்தக் கதகதப்பு மார்ச் வரை வரலாம்.
வராமலும் போகலாம்.
புதுப் புண் வராமலிருக்க இன்னொரு மாத்திரை உண்டு,
அதற்கு மாதாமாதம் ஈரலைச் சோதிக்க வேண்டும்.
ஒரு கதவைத் திறந்தால்
இன்னொரு கதவுக்குக் காவல் போட வேண்டிய வீடு இது.

மதிய உணவோடு தினமும் ஒரு தயிர்க் கிண்ணம்.
மேலே வெள்ளித் தகடு.
முதல் நாள் இரண்டையும் ஆய்லிதான் பிரித்தாள்;
நாங்கள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தோம்.
ஐந்தாம் நாள் கியோஸ்தி பல்லால் முயன்றார்.
"கொடுங்கள்" என்றேன்.
நகத்தைக் கொடுத்தேன். வழுக்கியது.
மறுபடியும்.
தகடு பாதியில் கிழிந்தது,
தயிர் என் மூக்கில், அவர் கண்ணாடியில்,
கொஞ்சம் ஜூலைக் குழாயிலும்.

எங்கள் வாய்கள் இப்போது
எவ்வளவு திறக்குமோ
அவ்வளவும் சிரித்தோம்.